கம்பெனி வளையல்

மொத வீச்சு சுவத்துல சப்புன்னு ஒட்டிக்கிச்சு. ஒரு துளி கீழ சிந்தல. அப்பாடா. சிந்தியிருந்தா சதானந்தம் பல்லக் காட்டியிருப்பான். சூப்பர்வைசர் சதானந்தம், கதவு வெக்காத வாசப்படில சாஞ்சிக்கிட்டு, கைய மார்ல கட்டிக்கிட்டு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கறான் பாரு. நில்லுடா நில்லு, இன்னிக்கு ஒனக்கு வேற வேலை என்னா இருக்குது. பத்தடிக்குப் பத்தடி சுவரு, ஏழாவது மாடி, படுக்கற ரூமு. காலைல வந்ததும் தூக்குக்குண்டு விட்டுப் பாத்து பூச்சு எவ்ளோ கனம்னு காட்ட நாலு மூலைக்கும் மட்டப் பொட்டு வெச்சிட்டேன், சுவத்த நனைச்சிட்டேன், ரெண்டு இரும்பு ஸ்டாண்டு மேல பலகையப் போட்டு ஏறி நின்னுட்டேன். எழிலரசி கீழருந்து கலவைய ஏந்திக் குடுக்கறா. கரணையில அள்ளுறேன், மணிக்கட்ட ஒரு சுண்டு சுண்டுறேன், சப்பு. இன்னொண்ணு, சப்பு. இந்தச் சுவத்தப் பழுதில்லாம பூசி முடிச்சா எம்பேருக்கு நேரா கொத்தனார்னு போடறேன்னு அப்சல் சாரு சொல்லியிருக்காரு. முடிக்கலன்னா சாயங்காலமே மூட்டையக் கட்டிக்கிட்டு சைட்ட விட்டுப் போவணும். நடுவுல ஒண்ணும் கெடையாது. பதினேழு வருசம் சித்தாளா இருந்துட்டேன், கல்லு, மணலு, ஜல்லி, தண்ணி, இந்தத் தலை தூக்காதது எது, ஆனா கரணையத் தொட்டா மட்டும் கொலைகுத்தம் பண்ணிட்ட மாதிரி பதறுவானுங்க, ஏய் வெய்யி வெய்யி, அது ஒனக்கு எதுக்குன்னு. சித்தாளுன்னா பொம்பள, கொத்தனாருன்னா ஆம்பள. எவன் சொன்னான்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. சப்பு. மேல் வரிசையில பாதி வந்துட்டேன்.

அப்சல் சாரு சன்னலாண்ட நிக்கறாரு. சேப்டி இன்சினியரு, சின்ன வயசு, தாடி கூட இன்னும் ஒழுங்கா முளைக்கல. கையில போனு. அந்தப் போனுக்குள்ள நான் ஓடிக்கிட்டிருக்கேன். என் நாடி, என் கையாட்டம், என் ஒடம்புச் சூடு, எல்லாம் என் மணிக்கட்டுல கெடக்கற கறுப்பு ரப்பர் பட்டையிலேருந்து அங்க போவுதாம். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பெட்டி நெறயக் கொண்டாந்து ஆளுக்கொண்ணு மாட்டி விட்டாரு. வெயில்ல ஒடம்பு தாங்கலன்னா பட்டை நடுங்கும், ஒடனே ஒக்காந்துடணும். விழுந்துட்டா தானாவே கத்தும், கீழ ஆபீசு வரைக்கும் போயிச் சொல்லிடும். கை ஆடற ஆட்டத்த வெச்சே இவ சுமை தூக்கறா, இவன் கம்பி கட்டறான், இவன் பூசறான், இவன் சும்மா நிக்கறான்னு கண்டுபுடிச்சிடும். அவரு சொல்லி முடிக்கல, எங்க கொத்தனார் ஏகாம்பரம் அண்ணன், "ஆம்பளைங்களுக்கும் வளையல் போட வந்துட்டாங்கப்பா"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாரு, அவ்ளோதான், பேரு வந்துடுச்சு, கம்பெனி வளையல். அன்னிலேருந்து ஒரு கொத்தனாரும் அத ஒழுங்காக் கட்டறதில்ல. கேட்ல மாட்டிக்கிட்டு வருவானுங்க, மேல வந்ததும் கழட்டி எங்கியாவது தொங்க விட்டுடுவானுங்க. வளையல் போட்டா மீசை கொட்டிடுமாம், மூஞ்சியப் பாரு. நாங்க பொம்பளைங்க கட்டிக்கிட்டோம். எழிலரசிக்கு வாய் சும்மா இருக்குமா, "யக்கா, மாமா போனதுலேருந்து வெறுங்கையா இருந்தியே, பாரு, கம்பெனியே போட்டு வுட்டுடுச்சு"ன்னா. நான் சிரிச்சேன். வேற ஒருத்தி சொல்லியிருந்தா அறைஞ்சிருப்பேன்.

மத்தவளுங்க கூட சோத்து நேரத்துல கழட்டி வெச்சிடுவாளுங்க. நான் கழட்டறதே இல்ல. சோத்து நேரத்துல கழட்டவே மாட்டேன். தணிகாசலம் விழுந்தது சோத்து நேரத்துலதான். எட்டு வருசம் ஆச்சு, அது வேற சைட்டு, வேற மேஸ்திரி, லிப்டுக்கு விட்ட பள்ளத்துல ரெண்டு பலகையப் போட்டு மூடியிருந்தானுங்க, அதுல ஒண்ணு சரியில்ல. ஒன்னேகால் மணி நேரம் உள்ள கெடந்திருக்கான் என் புருசன். கீழ போயி டீ குடிக்கறான்னு மேல இருந்தவன் நெனச்சிருக்கான், மேல வேலை பாக்கறான்னு கீழ இருந்தவன் நெனச்சிருக்கான், நான் என்னா நெனச்சேன், எங்கியோ பீடி குடிச்சிக்கிட்டு நிக்கறான், வரட்டும்னு நான் பாட்டுக்குத் தின்னேன். புளிச்சோறு. ரெண்டாந்தரம் போட்டுத் தின்னேன். அந்தப் பக்கம் பதினஞ்சடி ஆழத்துல அவன் கெடக்கறான், இந்தப் பக்கம் நான் வெரல நக்கிக்கிட்டிருக்கேன். சீக்கிரம் பாத்திருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டரு சொன்னாரு. அந்த வார்த்தைய அவரு எதுக்குச் சொல்லணும், சொல்லாம இருந்திருக்கலாம். அதனால விழுந்தா கத்தும்னு அப்சல் சாரு சொன்னப்போ மொத ஆளா கைய நீட்டினேன். இத்தனூண்டு ரப்பரு, இது அன்னிக்கு இருந்திருந்தா. வேண்டாம், இப்ப வேண்டாம், கண்ணுல தண்ணி வந்தா பொட்டு தெரியாது. மேல் வரிசை முடிஞ்சிச்சு. மட்டப்பலகைய எடு பூங்காவனம். கீழருந்து மேல, அறுத்து அறுத்து இழு. இழுத்தா அதிகமா இருக்கறது வழிஞ்சி வந்துடும், கொறச்சலா இருக்கற எடம் குழியாத் தெரியும், அங்க ஒரு கரணை போடு, திரும்ப இழு.

நான் கழட்டாததாலதான் மாட்டிக்கிட்டேன். மாட்டிக்கிட்டேன்னு சொல்லறதா, தப்பிச்சேன்னு சொல்லறதா. ஏகாம்பரம் அண்ணனுக்கு வலது தோளு போயிடுச்சு. மத்தியானத்துக்கு மேல கை மார்புக்கு மேல ஏறாது. அத அவரு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, எங்கிட்டயும் சொன்னதில்ல, நானா கண்டுபுடிச்சேன். சட்டை மாட்டும்போது பல்லக் கடிப்பாரு. ஒரு நாள் உள் ரூமுல நாங்க ரெண்டு பேருதான், மேல் பாதி அப்பிடியே நிக்குது, கலவை இறுகிக்கிட்டே வருது, அவரு கரணையப் பாக்கறாரு, என்னப் பாக்கறாரு. "அண்ணே, குடுங்க"ன்னேன். குடுத்துட்டாரு. ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, சொல்லிக் குடுக்க என்னா இருக்குது, பதினேழு வருசமா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், என் கண்ணென்ன பொட்டையா. அன்னிலேருந்து மத்தியானத்துல நான் பூசுவேன், அவரு வாசப்படில ஒக்காந்து யாராவது வராங்களான்னு பாப்பாரு. செருப்புச் சத்தம் கேட்டா கரணை கைமாறிடும். நாலாவது மாடியில ஒம்போது ரூமு, அஞ்சாவதுல முழுக்க, ஆறாவதுல பாதி, எல்லாம் என் கை. எல்லாத்துலயும் ஏகாம்பரம் வேலைன்னு பேரு. சுத்தமான வேலைன்னு பெரிய இன்சினியரு ஒரு தரம் அவரு முதுகுல தட்டிக் குடுத்தாரு. அந்தத் தோளுலயே தட்டினாரு, மனுசன் வலியில சிரிச்சாரு. நான் சட்டியக் கழுவிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன். பொறாமையா இருந்திச்சான்னா இருந்திச்சு. வயிறு எரிஞ்சிச்சு. ஏன் பொய் சொல்லணும்.

ஏகாம்பரம் அண்ணனாவது வளையல ஆணியில மாட்டியிருக்கலாம். ஆணியில மாட்டினா சும்மா நிக்கறான்னு காட்டும்னு ஓவர் மூளை. கலவை மெசினு கைப்புடியில மாட்டி விட்டுட்டாரு, அதுதான் நாள் பூரா குலுங்கிக்கிட்டே இருக்குதே. வளையலும் குலுங்கும், ஏகாம்பரம் ஓயாம வேலை செய்யறாருன்னு கணக்காவும்னு நெனப்பு. முந்தாநாள் அப்சல் சாரு கூப்பிட்டு வெச்சிக் கேக்கறாரு, "அண்ணே, ஆறு நாளா டெய்லி மூணு மணி நேரம் நீங்க டிரில்லிங் பண்ணியிருக்கீங்கன்னு காட்டுது. அதுவும் நாடித்துடிப்பே இல்லாம. செத்தவங்க டிரில்லிங் பண்ணி நான் பாத்ததில்லண்ணே." ஆபீசுல இருந்தவங்க எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்திச்சு, அதுக்குள்ள அவரு அடுத்ததக் கேட்டாரு, "அதே நேரத்துல பூங்காவனம் அக்கா கை பூச்சு வேலை செஞ்சிருக்குன்னு வருது, அது எப்படி?" சிரிப்பு நின்னுபோச்சு. சதானந்தம் முந்திக்கிட்டான். "வளையல் மாறிப் போச்சு சார். இவ தன்னுத ஏகாம்பரத்துக்குக் குடுத்துட்டு எங்கியோ தூங்கியிருக்கா. சித்தாளு எங்கியாவது பூசுவாளா சார்?" மாறிப் போச்சு. அந்த வார்த்த இருக்குதே, ரெண்டு நாளா மண்டைக்குள்ள சுத்துது, மாறிப் போச்சு, மாறிப் போச்சு, பாத்திரம் தேய்க்கும்போதும் மாறிப் போச்சு, பஸ்ஸுல கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கும்போதும் மாறிப் போச்சு. ஏகாம்பரம் அண்ணன் தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. தோளு விசயம் வெளிய வந்தா அவரு பொழப்பு என்னாவும், எனக்குத் தெரியாதா. வளையல அடுத்தவங்களுக்குக் குடுத்தா சைட்ட விட்டு வெளியன்னு சட்டம். ஆமா சார், மன்னிச்சிக்குங்கன்னு கால்ல விழுந்தா கூட விட்டுடுவாங்களோ என்னமோ. ஆனா என் வாயி இருக்குதே. "மாறல சார். நான்தான் பூசினேன்." சொன்னது நானான்னு எனக்கே ஆச்சரியம். அப்சல் சாரு என் கையில கெடந்த வளையலப் பாத்தாரு. "அப்ப பூசிக் காட்டுங்கக்கா"ன்னாரு.

தோ, காட்டிக்கிட்டிருக்கேன். கீழ் வரிசையும் அடிச்சாச்சு. குனிஞ்சி இழுக்கறேன், இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, வேர்வை மூக்குலேருந்து சொட்டுது, பரவால்ல. கடைசிக் குழிய அடைச்சாச்சு. கரணையக் கீழ வெச்சேன். வெச்சதும்தான் சனி புடிச்சிது. "தேய்க்கறது? கட்டைய எடுத்துத் தேய்ம்மே, என்னா பாத்துக்கிட்டு நிக்கற?" சதானந்தம். கை தன்னால மணியாசுக் கட்டைக்குப் போவுது, தேய்க்கற மரக்கட்டை, அத எடுத்து நாலு சுத்து சுத்தினா முடிஞ்சிது, முடிஞ்சா போதும்னு நெஞ்சு அடிச்சிக்குது, திடுதிடுன்னு, அந்த நேரம் பாத்து மணிக்கட்டுல வளையல் நடுங்குது. அய்யோ. சிவப்பு லைட்டு. நாடி ஏறிப்போச்சு, ஒக்காருன்னு சொல்லுது. ஒனக்கு வேற நேரம் கெடைக்கலையா, ஒன்ன நம்பித்தானே இவ்ளோ தூரம் வந்தேன், நீயே என்னக் காட்டிக் குடுக்கறியே. ஒக்காந்தா பொம்பளையால ஆவாதும்பான். ஒக்காராம தேய்ச்சா சட்டத்த மீறிட்டான்னு அதுக்கும் எழுதுவான். கட்டைய எடுத்துட்டேன். சுவத்தண்ட கொண்டு போயிட்டேன். சுவத்துல கைய வெச்சேன், சும்மா, ரெண்டு வெரலு. ஈரம் வெரல்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பச்சத் தண்ணி. சுவரு இன்னும் தண்ணி இழுக்கல. இப்பத் தேய்ச்சா மேல பாலாடை மாதிரி வந்துடும், நாளைக்கு வெடிக்கும். அட முட்டாப் பொம்பள, ஆறு மாசமா இந்த நேரத்துல நீ என்னா செய்வ? ஒக்காந்து வெத்தலை போடுவ. ஒக்காரு.

ஒக்காந்துட்டேன். காலை நீட்டி, பலகையில சாஞ்சி, எழிலரசிகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சேன். சதானந்தத்துக்கு மூஞ்சில விளக்கு எரியுது. "பாத்தீங்களா சார், அரை சுவத்துல ஒக்காந்துட்டா. போன்ல என்னா காட்டுது பாருங்க." அப்சல் சாரு போனப் பாத்தாரு. மெதுவாச் சொன்னாரு, "வேலை இல்லைன்னு காட்டுது." இல்லியே சாமி, இதுவும் வேலைதான், எப்பிடிச் சொல்லறது, நான் சொன்னா சாக்குச் சொல்லறான்னுதானே ஆவும். எவ்ளோ நேரம் ஆவும், பத்து நிமிசம், பன்னெண்டு, காத்து அடிக்குது, பத்து போதும். பத்து நிமிசம் சும்மா ஒக்காரறது இவ்ளோ கஸ்டமா. ஒரு பக்கம் பயம், நெசமாவே சுவத்துக்காகத்தான் ஒக்காந்தேனா, இல்ல நெஞ்சு தாங்காம ஒக்காந்துட்டு சுவத்து மேல பழி போடறேனா. ரெண்டுந்தான். ரெண்டுமா இருக்கக் கூடாதா. எம்பொண்ணு பிளஸ் டூ படிக்கறா, அம்மா என்னா வேலைன்னு ஸ்கூல்ல எழுதச் சொன்னா கட்டட வேலைன்னு எழுதுவா. கட்டட வேலை. அதுக்கு மேல எழுத ஒண்ணும் கெடையாது. "சார், டைம் ஆவுது, இவள அனுப்பிட்டு வேற ஆளப் போடலாம்"னு சதானந்தம் சொல்லி வாய மூடல, வெளிய வராண்டாவுலேருந்து ஒரு தொண்டை கனைச்சிச்சு. ஏகாம்பரம் அண்ணன். எப்ப வந்தாரு, எவ்ளோ நேரமா நிக்கறாரு தெரியல. உள்ள வந்தாரு. சுவத்தாண்ட போனாரு. நான் வெச்ச அதே எடத்துல ரெண்டு வெரல வெச்சாரு.

"சார், சுவரு தண்ணி இழுக்குது. இப்ப எவன் கட்டையத் தொட்டாலும் அவன் கொத்தனாரே இல்ல. நானா இருந்தாலும் ஒக்காந்துதான் இருப்பேன்." சதானந்தம் ஏதோ சொல்ல வந்தான். அண்ணன் அவன் பக்கம் திரும்பவே இல்ல, அப்சல் சாரையே பாத்தாரு. "வளையல் மாறல சார். எனக்கு வலது கை மேல தூக்க வரல. ஒரு வருசமா. அஞ்சாவது மாடி பூரா இந்தப் பொண்ணு பூசினது." அவ்ளோதான் சொன்னாரு. சொல்லிட்டு அந்தக் கைய இடது கையால புடிச்சிக்கிட்டு நின்னாரு, அது இனிமே மறைக்க வேண்டாம்ல. எனக்கு எழுந்து போயி அவரு காலத் தொடணும் போல இருந்திச்சு, அதே நேரத்துல ரெண்டு நாளு எங்கய்யா போயிருந்தன்னு சட்டையப் புடிச்சி உலுக்கணும் போலவும் இருந்திச்சு. அப்சல் சாரு, "தோளுக்கு டாக்டரப் பாத்தீங்களாண்ணே?"ன்னாரு. அண்ணன் இல்லன்னு தலையாட்டினாரு. "நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். சுவத்துல கீழ்ப்பாதி பூசறதுக்கும் மட்டம் பாக்கறதுக்கும் எனக்கு ஆள் வேணும், கைய மேல தூக்காத வேலை நெறய இருக்கு." வளையல் லைட்டு பச்சைக்கு வந்துடுச்சு. நான் எழுந்தேன். வெரல வெச்சிப் பாத்தேன். ஒட்டல.

மணியாசுக் கட்டை சுவத்துல பட்ட சத்தம், சர்ரு சர்ருன்னு, அம்மாடி, இந்தச் சத்தத்த நான் வாசப்படிக்குப் பயப்படாம கேட்டதே இல்ல. இத்தினி நாளும் ஒரு காது சுவத்துல, ஒரு காது செருப்புச் சத்தத்துல. இன்னிக்கு ரெண்டு காதும் எனக்கு. வட்டம் போட்டு வட்டம் போட்டு வரேன், தண்ணி தெளிக்கறேன், தேய்க்கறேன், மணல் நெறுநெறுன்னு உள்ள போயி ஒக்காருது. யாராவது வரட்டும். பெரிய இன்சினியரே வரட்டும். கட்டடத்துக்குச் சொந்தக்காரனே வரட்டும், வந்து பாரு, பூங்காவனம் பூசறா. சாரு போனப் பாக்கறாரு, நாடி எவ்ளோ ஓடுதோ, சந்தோசத்துக்கு அதுல லைட்டு இருக்குதான்னு கேக்கணும். ஸ்பாஞ்சு போட்டு ஒரு இழுப்பு. மூலையக் கரணை முனையால கூராக்கி விட்டேன். எறங்கி நின்னு பாத்தேன். யப்பா. என் சுவரு. கூச்சமில்லாமச் சொல்லறேன், அழகா இருந்திச்சு.

அப்சல் சாரு ஆறடி மட்டப்பலகைய எடுத்து சுவத்துல சாத்தி, பின்னாடி போன் டார்ச்ச அடிச்சாரு. பலகைக்கும் சுவத்துக்கும் நடுவுல வெளிச்சம் வந்தா மேடு பள்ளம்னு அர்த்தம். குறுக்க வெச்சாரு, நெடுக்க வெச்சாரு, கோணலா வெச்சாரு. வெளிச்சம் வரல. ஒரு நூலு வெளிச்சம் வரல. போனத் திருப்பி எங்கிட்டக் காட்டினாரு. எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா எம்பேரு தெரியும், எம்பேருக்குப் பக்கத்துல இருந்த பழைய வார்த்தைய அவரு அழிச்சாரு, ஒவ்வொரு எழுத்தா பின்னாடி போச்சு, புதுசா அடிச்சாரு. "என்ன போட்டிருக்கேன்னு படிக்கட்டுமாக்கா?" "படிங்க சார், சத்தமாப் படிங்க"ன்னேன். படிச்சாரு. "பூங்காவனம், கொத்தனார்." சதானந்தம் அங்கேருந்து, "பொம்பளக் கொத்தனார்னு போடுங்க சார், கொழப்பமாயிடும்"ன்னான். "ஏகாம்பரத்துக்கு ஆம்பளக் கொத்தனார்னா போட்டிருக்கு?"ன்னேன். நான்தான். சதானந்தத்தப் பாத்து. ஏகாம்பரம் அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு, தோளப் புடிச்சிக்கிட்டு.

அப்போ எழிலரசி கலவைச் சட்டியக் கீழ வெச்சா. கையப் பாவாடையில தொடச்சிக்கிட்டு நேரா அப்சல் சாருகிட்டப் போனா, மணிக்கட்ட நீட்டினா. "சார், எம்பேரையும் எடுத்துப் பாருங்க. போன வாரம் பூரா எங்கையி என்னா வேலை செஞ்சிச்சின்னு பாருங்க." சாரு தேடினாரு. புருவம் மேல போச்சு. "கம்பி கட்டற வேலைன்னு வருது." "ஆமா சார். மேல பத்தாவது மாடி தூணு எல்லாம் நான்தான் கட்டினேன்." வாசப்படியில சலசலன்னு சத்தம். திரும்பினா, எப்ப வந்தாளுங்களோ, கீழருந்து அத்தினி சித்தாளுங்களும் வந்து நிக்கறாளுங்க, வேலையப் போட்டுட்டு. சதானந்தத்த ஒதுக்கித் தள்ளிட்டு உள்ள வராளுங்க. டைல்சு ஒட்டறவ ஒருத்தி, பைப்புக்குச் சுவரு வெட்டறவ ஒருத்தி, எல்லாரும் மணிக்கட்ட நீட்டிக்கிட்டு, சார் என்னுத, சார் என்னுதன்னு. "ஒவ்வொருத்தரா வாங்கம்மா, ஒவ்வொருத்தரா"ன்னு அப்சல் சாரு சன்னலோட ஒட்டிக்கிட்டு நிக்கறாரு.